'எல்லாரும் குடிச்சாங்க': பதின்பருவ மொடாக்குடியில் நண்பர்களுக்கும் வீட்டுக்கும் உள்ள பங்கு

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். 16 வயது மகன். படிப்பில் மோசமில்லை, வீட்டிலும் பெரிய தொந்தரவு கொடுத்ததில்லை. நண்பன் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனவனை நள்ளிரவில் இன்னொரு நண்பன் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். விடியும்வரை வாந்தி. மறுநாள் கேட்டால், 'எல்லாரும் குடிச்சாங்க' என்பதைத் தவிர பதில் இல்லை. அந்தக் கும்பலின் சகவாசத்தையே வெட்டிவிட வேண்டும் என்கிறார் அப்பா. நாங்கள் இருவரும் எப்போதாவது வீட்டில் குடிப்பதைப் பார்த்துத்தான் பழகிவிட்டானோ என்று அம்மாவுக்கு உறுத்தல். எது காரணம்?

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நான் முதலில் கையில் எடுப்பது உங்கள் மகனின் பதிலைத்தான். கேட்பதற்குச் சாக்கு மாதிரி இருக்கும். ஆனால் விஷயத்தின் முக்கால்வாசி அதற்குள் இருக்கிறது.

அதற்கு முன் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. மொடாக்குடி, அதாவது பிஞ்ச் டிரிங்கிங் என்று மருத்துவர்கள் எதைச் சொல்கிறார்கள்? சுமார் 2 மணி நேரத்துக்குள் இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதத்தைத் தொடும் அளவுக்குக் குடிப்பதை. அமெரிக்காவின் தேசிய மது ஆய்வு நிறுவனம் 2004ல் வகுத்த கணக்கு இது. வளர்ந்த ஆணுக்கு 5 டிரிங்க், பெண்ணுக்கு 4. ஒரு டிரிங்க் என்பது அங்கே 14 கிராம் ஆல்கஹால். எடை குறைந்த இளம்பெண்ணுக்கு 3 டிரிங்கிலேயே அந்த எல்லை வந்துவிடும். பெரியவர்களோடு ஒப்பிட்டால் இந்த வயதினர் குடிக்கும் நாட்கள் குறைவு, உட்கார்ந்தால் உள்ளே போவது அதிகம். இதற்கே ஒரு சமூகக் காரணம் உண்டு. ஒளித்துக் குடிக்க வேண்டும், பெரியவர்கள் வெளியே போயிருக்கும் நேரம் கொஞ்சம்தான், மீதம் வைத்தால் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே பாட்டில் காலியாக வேண்டும், அதுவும் சீக்கிரம். அப்படியானால் வயதுத் தடையை எடுத்துவிட்டால் போதுமே என்று சிலர் உடனே சொல்வார்கள். அது தப்புக் கணக்கு, பிறகு வருகிறேன்.

சரி, நண்பர்கள். குடிக்கும் பையனின் நண்பர்களும் பெரும்பாலும் குடிப்பவர்களாக இருப்பார்கள் என்பது எல்லா ஆய்விலும் வருகிற விஷயம். ஆனால் யார் யாரைக் கெடுத்தார்கள் என்பது அதிலிருந்து தெரியாது. டெனிஸ் காண்டெல் என்ற சமூகவியலாளர் நியூயார்க் மாநிலப் பள்ளி மாணவர்களின் நட்புகளை ஒரு கல்வியாண்டு முழுக்கக் கவனித்து 1978ல் எழுதினார். கஞ்சா போன்ற பழக்கங்களில் நண்பர்கள் ஒரே மாதிரி இருப்பதற்கு இரண்டு வழிகள்: தன்னைப் போன்றவனைத் தேடிப்பிடித்து நட்பாக்கிக்கொள்வது ஒன்று, நட்பான பிறகு ஒருவரைப் பார்த்து ஒருவர் மாறுவது இன்னொன்று. இரண்டுக்கும் ஏறக்குறைய சமபங்கு இருப்பதாக அவர் கண்டார். மதுவைப் பற்றிய பிற்கால ஆய்வுகளும் பெரும்பாலும் இந்த இரண்டையும் சேர்த்தேதான் பார்க்கின்றன. அதாவது உங்கள் மகன் அந்தக் கும்பலில் மாட்டிக்கொண்ட அப்பாவி மட்டும் இல்லை, அதைத் தேர்ந்தெடுத்தவனும்கூட. ஒன்றை வெட்டினால் அதே மாதிரி இன்னொன்றைத் தேடிக்கொள்ள அவனால் முடியும். இன்னொன்றும் பாருங்கள். அன்று இரவு அவனை நடுவழியில் விட்டுவிடாமல் வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தவனும் அதே கும்பல்தான்.

நண்பர்களின் செல்வாக்கு என்றதும் பெற்றோர் மனதில் வருவது ஒரே காட்சி: நாலு பேர் சூழ்ந்து நின்று 'குடிடா குடிடா' என்று வற்புறுத்துவது. அப்படியும் நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரும்பாலான இரவுகளில் யாரும் யாரையும் 'குடி' என்று சொல்வதே இல்லை. கிளாஸ் பாதிக்கு வரும்போதே யாரோ ஒருவன் நிரப்பிவிடுகிறான். எத்தனை ஆயிற்று என்ற கணக்கு அங்கேயே போய்விட்டது. குடிக்காமல் இருப்பவனிடம் ஒருவன் வந்து, 'என்னடா, உடம்பு சரியில்லையா?' என்று கேட்கிறான். அக்கறையோடுதான் கேட்கிறான். ஆனால் அந்த அறையில் காரணம் சொல்ல வேண்டியவன் குடிக்காதவன் மட்டும்தான். குடிப்பவனிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மூன்றாவது தடவை இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட ஒரு கிளாஸைக் கையில் வாங்கிக்கொள்வது சுலபம். 'சும்மா கம்பெனிக்கு' என்று ஆரம்பிப்பது இப்படித்தான்.

வாயைத் திறக்காமலே இது எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதை 1975லேயே காட்டிவிட்டார்கள். ஒயின் ருசி பார்க்கும் சோதனை என்று சொல்லிக் கல்லூரி இளைஞர்களை அழைத்து, பக்கத்தில் ஓர் ஆளையும் உட்கார வைத்தார்கள். அந்த ஆள் ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்தவர். அவர் நிறையக் குடித்தபோது வந்தவர்களும் நிறையக் குடித்தார்கள். அவர் நிதானமாகக் குடித்தபோது இவர்கள் குடித்ததும் குறைவாகவே இருந்தது. யாரும் வற்புறுத்தவில்லை, யாரும் கேலி செய்யவில்லை.

இப்போது 'எல்லாரும்' என்ற விஷயத்துக்கு வருகிறேன். டெபரா பிரென்டிஸ், டேல் மில்லர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். இந்த வளாகத்தில் நடக்கும் குடி உனக்கு எவ்வளவு சகஜமாக இருக்கிறது? மற்ற மாணவர்களுக்கு எவ்வளவு சகஜமாக இருக்கும் என்று நினைக்கிறாய்? 1993ல் வெளியான அந்த ஆய்வில் மாணவர்களின் விடை இதுதான்: எனக்குக் கொஞ்சம் சங்கடம்தான், மற்றவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஒவ்வொருவரும் தன்னைத் தவிர மற்ற எல்லாருக்கும் இது பிடித்திருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். இதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. செமஸ்டர் போகப்போக ஆண் மாணவர்கள் தங்கள் சொந்த மனநிலையையே அந்தக் கற்பனையான 'எல்லாரும்' பக்கம் நகர்த்திக்கொண்டார்கள். பெண்களிடம் அந்த நகர்வு தெரியவில்லை.

இந்தத் தப்பெண்ணம் எங்கிருந்து வருகிறது? கண்ணில் படுவதிலிருந்து. அரை கிளாஸை இரண்டு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றவன் மறுநாள் யார் பேச்சிலும் வரமாட்டான். நாற்காலி மேல் ஏறி ஆடி விழுந்தவன்தான் வருவான். அந்தச் சுவரோரத்தில் அவனைப் போலவே இன்னும் மூன்று பேர் நின்றிருக்கலாம், மூன்று பேருமே தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருக்கலாம். அப்புறம் கதை சொல்லும் படலம். முந்தின இரவு ஒருவன் வாந்தி எடுத்து, அழுது, செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தது அந்த நேரத்தில் பயமாகத்தான் இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து அதே சம்பவம் குரூப்பில் நகைச்சுவையாக மாறியிருக்கும். சம்பந்தப்பட்டவனே சிரித்துக்கொண்டு சொல்வான். அவனுக்கு வேறு வழியும் இல்லை. கேட்கிறவன் மனதில் பயம் நிற்காது, சிரிப்புதான் நிற்கும். கைப்பேசி வந்த பிறகு இது இன்னும் கூடிவிட்டது, ஏனென்றால் பகிரப்படும் படங்கள் எல்லாம் இரவு 10 மணிப் படங்கள். விடியற்காலை 4 மணிக்குக் குளியலறைத் தரையில் கிடப்பதை யாரும் போடுவதில்லை.

அப்படியானால் உண்மைக் கணக்கைச் சொல்லிவிட்டால் போதுமா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தன. 'நம் மாணவர்களில் பெரும்பாலோர் அளவோடுதான் குடிக்கிறார்கள்' என்று சுவரொட்டிகள் ஒட்டினார்கள். கல்லூரி மாணவர்களிடம் நடந்த இத்தகைய முயற்சிகளை எல்லாம் திரட்டிப் பார்த்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2015ல் சொன்ன முடிவு, சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை என்பதே. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பதின்வயதுப் பையனுக்கு 'எல்லாரும்' என்றால் பள்ளியின் 800 பேர் அல்ல. தன்னோடு மதியம் உட்காரும் ஐந்தாறு பேர். அந்த ஐந்தாறு பேரின் மனதில் என்ன இருக்கிறது என்பதைச் சுவரொட்டி சொல்லாது.

உடனிருப்பவர்களின் இருப்பே இந்த வயதில் மூளையை வேறு மாதிரி நடத்துகிறது. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியலாளர்கள் 2005ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் ஓட்டுகிறாயோ அவ்வளவு புள்ளி, மோதிவிட்டால் போச்சு. தனியாக ஆடும்போது 13 முதல் 16 வயதுக்காரர்கள் பெரியவர்களைவிட அப்படியொன்றும் மோசமில்லை. அதே வயது நண்பர்கள் இருவர் பக்கத்தில் நின்றதும் இவர்கள் எடுத்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் இளம் சுண்டெலிகளை வைத்தும் பார்த்தார்கள். பதின்பருவத்துக்கு இணையான வயதில் இருந்த எலிகள் கூட்டாளிகளோடு இருக்கும்போது அதிகம் குடித்தன, வளர்ந்த எலிகள் அப்படிச் செய்யவில்லை. எலிக்கு மானப் பிரச்சினை கிடையாது, கேலிக்குப் பயம் கிடையாது. அதற்கும் இப்படி என்றால், உங்கள் மகனிடம் 'உனக்குச் சொந்த புத்தி இல்லையா' என்று கேட்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை. தனியாக இருக்கும்போது அவனுக்குச் சொந்த புத்தி நன்றாகவே வேலை செய்கிறது. கூடவே இன்னொரு வம்பு: விலங்குகளில் பார்த்தவரை, இளம் வயதில் மதுவின் தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் தாமதமாகத்தான் தலைகாட்டுகின்றன. 'போதும்' என்று உடம்பு சொல்லும் நேரத்தில் அளவு எப்போதோ தாண்டியிருக்கும்.

அம்மாவின் உறுத்தலுக்கு வருகிறேன். பெற்றோர் குடிப்பதைப் பார்ப்பதால் மட்டும் பிள்ளை மொடாக்குடிக்குப் போவான் என்று நேர்க்கோடு போட முடியாது. ஆனால் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்கிறார்கள்: பெரியவர்கள் எதற்காகக் குடிக்கிறார்கள். 'இன்னிக்கு ஆபீஸ்ல உயிர் போச்சு, ஒண்ணு போட்டாத்தான் சரியாகும்' என்ற ஒரு வாக்கியம் போதும். மனக்கஷ்டத்துக்கு மருந்து என்ற பாடம் அதில் இருக்கிறது. சின்ன வகுப்பில் மதுவைக் கெட்டதாகப் பார்க்கும் பிள்ளைகள் பதின்பருவத்தை நெருங்கும்போது அதை ஜாலியோடும் தைரியத்தோடும் சேர்க்கத் தொடங்குகிறார்கள். வாயில் ஒரு சொட்டுப் படும் முன்பே இந்த மாற்றம் நடந்துவிடுகிறது. விளம்பரமும் இங்கேதான் புகுகிறது. 13 நீண்டகால ஆய்வுகளை, மொத்தம் 38,000க்கும் மேற்பட்ட இளைஞர்களை, ஒன்றாக வைத்துப் பார்த்த 2009ஆம் ஆண்டு மதிப்பாய்வு, விளம்பரங்களை அதிகம் பார்த்தவர்கள் குடிக்கத் தொடங்கும் வாய்ப்பும், ஏற்கெனவே குடிப்பவர்கள் அளவைக் கூட்டும் வாய்ப்பும் அதிகம் என்றது.

'வெளியே போய்க் கண்டபடி குடிப்பதற்கு, நம் கண்ணெதிரே கொஞ்சம் கொடுத்துப் பழக்கிவிட்டால் அளவு தெரிந்துகொள்வான்' என்று நல்ல மனதோடு நினைக்கும் பெற்றோர் நிறையப் பேர். உங்களுக்கும் அந்த யோசனை வரலாம், அதனால் சொல்கிறேன்: வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 12, 13 வயதுப் பிள்ளைகள் 1,900க்கும் மேற்பட்டோரை ஆறு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெற்றோரே மது கொடுத்ததால் பாதுகாப்பு கிடைத்ததற்கு எந்த அடையாளமும் இல்லை. மாறாக அந்தப் பிள்ளைகள் மொடாக்குடிக்கும் அதன் கேடுகளுக்கும் ஆளாவது அதிகமாக இருந்தது, வெளியாட்களிடம் மது வாங்கிக் குடிப்பதும் அதிகமாக இருந்தது. வீட்டில் கிடைத்தது வெளியே கிடைப்பதற்குப் பதிலாக அமையவில்லை, அதோடு சேர்ந்துகொண்டது. இது பின்தொடர்ந்து கவனித்த ஆய்வுதான், காரணத்தை நூறு சதவீதம் நிறுவாது. ஆனாலும் 'பழக்கிவிடுவது' நல்லது என்பவர்கள் பக்கம் சான்று ஒன்றும் நிற்கவில்லை. தடையை எடுத்துவிடலாம் என்ற வாதமும் இப்படித்தான். அமெரிக்கா 1984ல் சட்டம் போட்டு, மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியைக் குறைப்போம் என்றது; வயதை உயர்த்திய இடங்களில் இளைஞர்களின் குடியும் வாகன விபத்தும் குறைந்தன.

பெற்றோரின் கண்காணிப்பு பற்றி ஒரு சின்னத் திருத்தம். பிள்ளை எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்று தெரிந்து வைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகத்தான் குடிக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு எல்லாரும் துப்பறியக் கிளம்பிவிடுகிறார்கள். ஹோகன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற உளவியலாளர்கள் இருவரும் சுவீடனில் 14 வயதுப் பிள்ளைகளிடம் நடத்தி 2000ல் வெளியிட்ட ஆய்வு, அந்தப் பெற்றோருக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று பார்த்தது. துருவித்துருவிக் கேட்டதாலோ கட்டுப்படுத்தியதாலோ தெரிந்தது கொஞ்சம்தான். பிள்ளை தானாகச் சொன்னதால் தெரிந்ததே அதிகம். 'எல்லாரும் குடிச்சாங்க' என்று அவன் சொன்னதை மழுப்பல் என்று தள்ளாமல், அவனாகச் சொன்ன முதல் தகவல் என்று எடுத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். 'யாரெல்லாம் குடிக்கல?' என்று சண்டை தொனி இல்லாமல் கேட்டுப் பாருங்கள். அவன் கொஞ்சம் யோசிப்பான். ஒன்றிரண்டு பெயர் வரும்.

ஐஸ்லாந்து இதில் தனியாகப் பேச வேண்டிய நாடு. 1998ல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 100க்கு 42 பேர் கடந்த ஒரு மாதத்தில் நிலைதவறக் குடித்ததாகச் சொன்னார்கள். 2016ல் அது 5. இடையில் அவர்கள் பிள்ளைகளுக்கு அறிவுரை வகுப்பு எடுப்பதை முதன்மையாக வைக்கவில்லை, பிள்ளைகளைச் சுற்றியுள்ள ஏற்பாட்டை மாற்றினார்கள். மது வாங்க 20 வயது ஆகியிருக்க வேண்டும், விளம்பரத்துக்குத் தடை. 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் பெரியவர் துணையின்றி குளிர்காலத்தில் இரவு 10 மணிக்கும் கோடையில் நள்ளிரவுக்கும் மேல் வெளியே இருக்கக் கூடாது. விளையாட்டுக்கும் இசைக்கும் கலைக்கும் அரசுப் பணம். தலைநகரான ரெய்க்யவிக் பிள்ளைகளின் பொழுதுபோக்கு வகுப்புகளுக்காகக் குடும்பங்களுக்குத் தனி உதவித்தொகையே கொடுத்தது. ஆண்டுதோறும் கணக்கெடுத்து, ஒவ்வொரு பள்ளிக்கும் அதன் முடிவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எனக்கு இதில் பிடித்தது பெற்றோர் ஒப்பந்தம். ஒரு வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் கூடி, பெரியவர் இல்லாத விருந்தை அனுமதிப்பதில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு மது வாங்கித் தருவதில்லை, இத்தனை மணிக்குள் வீடு என்று பேசிக் கையெழுத்திட்டார்கள். 'அவங்க வீட்ல எல்லாம் விடுறாங்க' என்ற வாதம் அன்றோடு செத்தது. பிள்ளைகளைப் போலவே பெற்றோரும் 'மற்ற வீட்டில் எல்லாம் விடுகிறார்கள், நாம்தான் கண்டிப்பு' என்று தனித்தனியாக நம்பிக்கொண்டு விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது என் அனுபவம். ஐஸ்லாந்தின் வெற்றி முழுவதும் இந்தத் திட்டத்தால்தான் என்று நான் சொல்லமாட்டேன். 2000க்குப் பிறகு வேறு பல பணக்கார நாடுகளிலும் பதின்பருவக் குடி குறைந்திருக்கிறது. ஆனால் அங்கே இறங்கிய வேகம் மற்ற இடங்களில் அவ்வளவாக இல்லை.

ஆகவே அப்பாவுக்கு என் பதில்: நட்பை வெட்ட வேண்டாம், அந்த நாலைந்து பையன்களின் பெற்றோரோடு பேசுங்கள். புகார் சொல்லப் போகாதீர்கள். 'எங்க வீட்டுல இது நடந்துது, அடுத்த விருந்துக்கு நாம என்ன செய்யலாம்?' என்று ஆரம்பித்தால் கதவு திறக்கும். பாட்டில் எங்கிருந்து வந்தது என்பதும் அந்தப் பேச்சில் தெரிந்துவிடும். இந்த வயதில் சரக்கு பெரும்பாலும் யாரோ ஒருவனின் அண்ணன் மூலமாகவோ வீட்டு அலமாரியிலிருந்தோதான் வருகிறது. அம்மாவுக்கு: குற்ற உணர்வை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வீட்டில் இருப்பதைப் பூட்டி வையுங்கள், களைப்புக்கும் கோபத்துக்கும் மருந்தாகக் குடிப்பதை அவன் முன் நிறுத்துங்கள். இருவருக்கும்: மறுப்பதற்கு அவனுக்கு ஒரு சாக்கு தயார் செய்து கொடுங்கள். 'நாளைக்குக் காலையில மேட்ச் இருக்கு', 'எங்கப்பா வாயை ஊதச் சொல்வார்' என்று எதுவாகவும் இருக்கலாம். கொள்கை பேசி மறுக்கும் 16 வயதுக்காரன் அபூர்வம். அப்பாவை வில்லனாக்கி மறுப்பது எல்லாராலும் முடியும். அந்த வில்லன் வேஷத்தைப் போட்டுக்கொள்ளத் தயங்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, அவனுக்கு மட்டுமல்ல, அந்த நண்பர்களுக்கும் தெரிய வேண்டியது. அளவுக்கு மீறிக் குடித்து ஒருவன் சாய்ந்துவிட்டால் கும்பலில் முதலில் வரும் பேச்சு 'தூங்க விடு, சரியாயிடும்' என்பதுதான். அந்தப் பேச்சுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் பயம்: ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் எல்லாரும் மாட்டுவோம். அமெரிக்காவின் பல மாநிலங்களில், மயங்கியவனுக்காக உதவி கேட்கும் வயது வராதவர்கள் மீது குடித்ததற்காக வழக்குப் போடுவதில்லை என்று சட்டமே இருப்பது இந்தப் பயத்தை எடுக்கத்தான். குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றிலிருந்து ஆல்கஹால் இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும், எனவே தூங்குபவனின் நிலை இன்னும் மோசமாகலாம். எழுப்பினால் எழவில்லை, மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே 10 விநாடிக்கு மேல் ஆகிறது, தோல் சில்லிட்டு உதடு நீலம் பூத்திருக்கிறது என்றால் அது நேரே மருத்துவமனைக்கு உரிய விஷயம். காபியும் குளிர்ந்த தண்ணீரும் இதில் எதையும் மாற்றாது. ஆம்புலன்ஸ் வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், மல்லாக்கப் போட்டால் வாந்தி மூச்சுக்குழாயில் போகும். ஒருவராவது பக்கத்திலேயே இருக்க வேண்டும். எந்த நேரத்திலும் எங்களைக் கூப்பிடலாம், மறுநாள் மதியம்வரை எந்தக் கேள்வியும் கேட்க மாட்டோம் என்று அவனிடமும் அவன் நண்பர்களிடமும் இந்த வாரமே சொல்லிவிடுங்கள், உங்கள் எண்ணையும் அவர்கள் கைப்பேசியில் போட்டுக் கொடுங்கள்.